முச்சந்தியில் திரும்பும் சந்தைக்காரி: சீசர் 3, ஃபாரோ, ஜீயஸ், எம்பரர் – எதை ஆடலாம்?

நகரம் கட்டும் கணினி ஆட்டமான சீசர் 3-ஐ ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. நல்ல தெரு. நீரூற்று இருக்கிறது, கோயில் இருக்கிறது, சந்தையும் நாலு வீடு தள்ளித்தான். வீடுகளுக்குச் சரக்கு கொடுக்கச் சந்தைக்காரி கிளம்பி முச்சந்திக்கு வருகிறாள். வீடுகள் இருக்கும் பக்கம் வராமல், ஆளே இல்லாத களிமண் குழிப் பக்கம் திரும்பிப் போய்விடுகிறாள். மறுபடி வருகிறாள், மறுபடி அதே பக்கம். கொஞ்ச நாளில் வீடுகளில் பானை இல்லை, எண்ணெய் இல்லை. அடுக்குமாடி குடிசையாகச் சரிகிறது, சனங்கள் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள்.

1998 முதல் 2002 வரை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த நான்கு நகர நிர்மாண ஆட்டங்கள் வந்தன. ரோமுக்கு சீசர் 3 (1998), எகிப்துக்கு ஃபாரோ (1999), கிரேக்கத்துக்கு ஜீயஸ் (2000). இந்த மூன்றும் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் செய்தவை. சீனாவைக் களமாகக் கொண்ட எம்பரரை (2002) பிரேக்அவே கேம்ஸ் அவர்களோடு சேர்ந்து செய்தது. எல்லாவற்றையும் வெளியிட்டது சியரா. படங்களைப் பார்த்தால் தூணும் கூரையும்தான் மாறியிருப்பதுபோல் தோன்றும். என்னைக் கேட்டால், இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அந்த முச்சந்திதான். தெருவில் நடக்கும் ஆளை உங்களால் எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது என்பதைப் பொறுத்து ஆட்டத்தின் சுவையே மாறுகிறது.

சீசர் 3-இல் கட்டுப்பாடு ஏறக்குறைய பூஜ்யம். சரக்கு எடுக்கக் கிடங்குக்குப் போகும் பெண் நேராகப் போய்வருவாள், பின்னாலேயே பையன்கள் கூடை தூக்கி வருவார்கள். ஆனால் வீடு வீடாகக் கொடுக்கிறவள் சந்திக்குச் சந்தி மனம்போன போக்கில் திரும்புவாள். தீயணைக்கும் பிரிஃபெக்ட், இடியும் கட்டடத்தைச் செப்பனிடும் பொறியாளர், பூசாரி எல்லோருக்கும் இதே கதை. அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சந்தியே இல்லாமல் வளையம் வளையமாகத் தெரு போட்டார்கள். ரோமாபுரி மாதிரி ஊர் கட்ட வந்தவர் கடைசியில் செக்குமாட்டுத் தடம் கட்டிக்கொண்டிருப்பார்.

இருந்தாலும் அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஊரின் ஆளுநரான உங்கள் சம்பளத்தை நீங்களே நிர்ணயிக்கலாம், ஆனால் பதவிக்கு மீறி எடுத்தால் சீசரின் தயவு இறங்கும். நகரம் 5,000 தினாரி வரை கடனில் போகலாம், அதற்கு மேல் முடியாது. தயவு அடிமட்டத்துக்குப் போனால் சீசரின் படையே உங்கள் ஊர் வாசலில் வந்து நிற்கும். நான் அதிகம் ரசித்த குசும்பு வேறு: ஒரு வீடு வில்லா என்ற செல்வர் மாளிகை அளவுக்கு உயர்ந்ததும் அதில் உள்ளவர்கள் வேலைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். ஊரைச் செழிப்பாக்கி முடித்த கையோடு பிரிஃபெக்ட் நிலையத்துக்கு ஆள் பற்றாக்குறை, அப்புறம் தீ.

ஃபாரோவில் ஒரு சின்னப் பொருள் வந்தது: சாலைத் தடுப்பு. தெருவில் போட்டால் சுற்றித் திரிகிறவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். சரக்கு எடுக்கப் போகிறவர்கள், வண்டி இழுப்பவர்கள் தாண்டுவார்கள். சந்தைக்காரியின் கிறுக்கு அத்தோடு தீர்ந்தது. ஊரை ஊராகக் கட்ட முடிந்தது.

ஆனால் ஃபாரோவை நான் முதலிடத்தில் வைப்பது தடுப்புக்காக அல்ல, நைல் நதிக்காக. நதிக்கரை வயலுக்கு நிரந்தர வேலையாள் கிடையாது. வேலை முகாமிலிருந்து குடியானவர்கள் போய் உழுவார்கள். வெள்ளம் வருவதற்குச் சற்று முன் வருடத்துக்கு ஒரே அறுவடை. அதைக் களஞ்சியத்தில் போட்டு அடுத்த அறுவடை வரை ஓட்ட வேண்டும். வயல் நீருக்குள் கிடக்கும் மாதங்களில் அதே முகாமின் ஆட்கள் பிரமிடுக்குக் கல் இழுக்கப் போவார்கள். எகிப்தின் பொருளாதாரம் எப்படி நடந்திருக்கும் என்று ஒரு வரி விளக்கமும் இல்லாமல் கை வழியாகவே புரிந்துவிடுகிறது. வெள்ளத்துக்குரிய கடவுள் ஒசைரிஸுக்கு விழா எடுக்க மறந்த வருடம் வெள்ளம் வற்றலாக வந்து, பாதி முடிந்த பிரமிடைப் பார்த்தபடி பட்டினி கிடக்கும் ஊரை வைத்துக்கொண்டு விழித்ததுண்டு. படிப்படியாக உயரும் பிரமிடுக்கு ஆட்ட நேரத்தில் பல வருடங்கள் பிடிக்கும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கழன்றுகொள்வார்கள்.

ஜீயஸ் அவர்களுக்கானது. நான்கில் மிகவும் கலகலப்பானது இதுதான். வேலைக்கு ஆள் பிடிக்கக் கட்டடத்தின் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும் என்ற தொல்லை இல்லை. பணக்காரர் வீட்டைத் தனியாகவே கட்டலாம், ஏழை வீடு வளர்ந்து உங்களைக் கவிழ்க்காது. கடவுள்கள் தெருவில் இறங்கி நடக்கிறார்கள், அரக்கன் வந்தால் ஹெர்குலிஸை வரவழைக்கலாம். கதையின் நடுவே வேறு மண்ணில் குடியேற்றம் அமைத்துவிட்டுத் திரும்பி வந்தால் தாய்நகரம் விட்ட நிலையிலேயே இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் நிலத்தில் தொடங்கிச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எனக்கென்னவோ, பயம் போனதும் பாதிச் சுவை போய்விட்டது.

எம்பரர் முந்தைய மூன்றின் பாடங்களையும் உள்வாங்கியது. இதில் ஊர்க்காரர்கள் சோற்றின் தரத்தையும் பார்ப்பார்கள்: ஒரே தானியம் போட்டால் சப்பென்றிருக்கிறது என்பார்கள், வகை கூடினால்தான் வீடு உயரும். ஃபெங் ஷுய் (சீனர்களின் வாஸ்து) சரியில்லாத இடத்தில் கட்டினால் முன்னோருக்கு மனக்குறை. பெருஞ்சுவர், பெருங்கால்வாய் கட்டலாம். நண்பர்களோடு சேர்ந்தும் ஆடலாம், மற்ற மூன்றிலும் அது கிடையாது. முதன்முதலாக இந்த வகைக்குள் வருபவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எம்பரரைச் சொல்வேன். பழகிய கைக்கு அது கொஞ்சம் வழவழப்பு.

இன்றைய கணினியில் ஆட: சீசர் 3-க்கு ஜூலியஸ், அகஸ்டஸ் என்று இரண்டு திறந்த மூல நிரல்கள் உண்டு, மூல ஆட்டத்தின் கோப்புகள் கையில் இருக்க வேண்டும். ஜூலியஸ் பழையதை அப்படியே ஓட்டும்; அகஸ்டஸில் சாலைத் தடுப்பு உண்டு. ஃபாரோ 2023-இல் புதிதாக வரையப்பட்டு ‘எ நியூ எரா’ என்ற பெயரில் வந்தது. அதில் வேலையாட்களை ஊர் முழுவதுக்கும் பொதுவாக வைக்கும் வசதி இருக்கிறது. முதல் சில ஊர்களிலாவது அதைத் தொடாமல், குவாரியின் பக்கத்தில் நாலு குடிசை போட்டு ஆள் பிடித்துப் பாருங்கள்.