பதினான்காம் லூயி: நாந்தேய் தகடா, த்ரெவே தகடா?

பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது யசாந்த் ரிகோ 1701-இல் வரைந்த ஓவியம். 9 அடி உயரம். நீல வெல்வெட் அங்கி, வெள்ளை ரோம உள்புறம், சிவப்புக் குதிகால் வைத்த காலணி. மை தடவித் தாளில் அச்சடிப்பதற்காக அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் பியேர் த்ரெவே. அவருக்கு முந்தைய தலைமுறையில் ரொபேர் நாந்தேய் அதே அரசரைப் பல முறை செதுக்கினார். ஆனால் அவர் அரசரை எதிரே உட்காரவைத்துத் தானே வரைந்து, அந்தப் படத்தைத் தகட்டுக்கு மாற்றியவர். 1664-ஆம் ஆண்டுப் படத்தின் அடியில் 'நேரில் பார்த்துச் செய்தது' என்று லத்தீனில் எழுதியே வைத்திருக்கிறார்.

துணிமணியில் த்ரெவேயோடு மோத முடியாது. கையில் இருப்பது கறுப்பு மை மட்டும். அதை வைத்துக்கொண்டு வெல்வெட் வேறு, ரோமம் வேறு, பட்டுக் காலுறை வேறு என்று காட்ட வேண்டும். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எவ்வளவு நெருங்குகிறது என்பதிலேயே அவ்வளவும் நடக்கிறது. தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறி விழும் என்பதால், மூலத்தின் திசையிலேயே படம் வர வேண்டுமானால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிச் செதுக்கவும் வேண்டும். நினைத்தாலே கண் வலிக்கிறது.

சரி, முகம்? ரிகோவின் அரசர் 60 வயதைத் தாண்டியவர். அங்கிக்கும் தூணுக்கும் நடுவில் முகம் ஒரு சிறு பகுதிதான். த்ரெவேயிடமும் அதே கதை, அது அவர் குற்றமும் அல்ல. நாந்தேயிடம் மார்பளவு உருவம், சுற்றி நீள்வட்டச் சட்டம், அவ்வளவுதான். கன்னத்தில் நீண்ட கோடுகளே இல்லை; புள்ளிகளும் குறுங்கீறல்களும் சேர்ந்து தோலாகின்றன. அரச தோரணை வேண்டுமானால் த்ரெவே, ஆளைப் பார்க்க வேண்டுமானால் நாந்தேய். என் ஓட்டு நாந்தேய்க்கு.

ஆனால் ஒரு சிக்கல். செப்பு மெத்தென்ற உலோகம். அச்சடிக்க அடிக்க ஆழமில்லாத கீறல்கள்தான் முதலில் தேயும். முகத்தின் மென்மை முழுக்க அந்தக் கீறல்களில்தான் இருக்கிறது. தகடு தேய்ந்த பிறகு எடுத்த நாந்தேய் பிரதி கையில் கிடைத்தால் கன்னம் வெறும் வெள்ளைத் திட்டு. த்ரெவேயின் தகடு அதே அளவு தேய்ந்திருந்தாலும் அங்கியாவது மிஞ்சும்.