'பேக்கப் தினமும் ஓடுது அண்ணாச்சி' என்று சொன்னால் நம்பாதீர்கள்

சிவகாசியில் சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். ஒரு மெஷின், ஏழு பேர். தீபாவளிக்கு மூன்று நாள் லீவு விட்டுவிட்டு நான்காம் நாள் காலையில் வந்து சிஸ்டத்தைப் பார்த்தால் ஒரு டிசைனும் திறக்கவில்லை. கோரல் ஃபைல், போட்டோஷாப் ஃபைல், டேலி கணக்கு, எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு நோட்பேட் ஃபைல்: எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பிட்காயினில் பணம் கட்டு, நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு ஃபைலை அனுப்பு, இலவசமாகத் திறந்து காட்டுகிறோம் என்று. ஃபைலைப் பூட்டிப் பணம் பறிக்கிற இந்த மாதிரி வைரஸுக்குப் பெயர்தான் ரான்சம்வேர்.

காலண்டர் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதில் ஆரம்பித்து டிசம்பர் வரைக்கும் ஓடுவதுதான் எங்கள் வருஷத்துச் சாப்பாடு. தீபாவளி முடிந்த கையோடு மெஷின் நிற்கக்கூடாது, நின்றது.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு நான்கு வருஷமாக ஆண்டு ஒப்பந்தம், வருஷத்துக்கு 12,000 ரூபாய். கேட்கும்போதெல்லாம் "பேக்கப் தினமும் ராத்திரி ஓடுது அண்ணாச்சி" என்பார். ஓடியதும் உண்மைதான், ஆனால் எங்கே ஓடியது தெரியுமா? அதே சிஸ்டத்தின் டி டிரைவுக்கும், கழற்றாமலே சொருகி வைத்திருந்த ஹார்ட் டிஸ்குக்கும். உள்ளே வந்தவன் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிட்டான்.

வந்த வழியும் இவர் திறந்து வைத்ததுதான். 2020 ஊரடங்கில் டிசைனர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக நம் சிஸ்டத்துக்குள் நுழைகிற வாசலை, திறந்துவிட்டார், அதன் பிறகு மூடவே இல்லை. யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு கடைப் பெயரோடு 123. அப்புறம் என் மைத்துனர் மகன் கோவையிலிருந்து வந்து, யார் எப்போது உள்ளே நுழைய முயன்றார்கள் என்று சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவைப் பார்த்தபோது, தீபாவளிக்கு முந்தின ராத்திரியிலிருந்து ஆயிரக்கணக்கான தவறான பாஸ்வேர்டு முயற்சிகள் வரிசையாக இருந்தன, கடைசியில் ஒன்று சரியாகியிருந்தது. அந்த சிஸ்டத்தில் இருந்தது விண்டோஸ் 7; அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது என்பதையும் அந்தப் பையன்தான் சொன்னான், மாதாமாதம் வந்து போனவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன் செய்தால், "வைரஸ் வந்தா நான் என்ன பண்றது, ஃபார்மேட் போட்டுத் தர்றேன்" என்றார். நல்லவேளை விடவில்லை. ஃபார்மேட் போட்டால் பூட்டிய ஃபைலும் போய்விடும். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் மற்றவர்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகை ரான்சம்வேருக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. எங்களுடையதற்கு இன்னும் இல்லை, பின்னால் வரலாம் என்று அந்த டிஸ்கைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது அடி அதற்கு மேல். 'டேட்டா மீட்டுத் தருகிறோம்' என்ற ஒரு நிறுவனத்துக்குப் பதற்றத்தில் 25,000 முன்பணம் அனுப்பினேன். மிரட்டல் ஃபைலையும் இரண்டு சாம்பிளையும் கேட்டார்கள், மறுநாள் இரண்டையும் திறந்து அனுப்பி, மீதிக்கு மூன்று லட்சம் என்றார்கள். திருடனே இரண்டு ஃபைலை இலவசமாகத் திறப்பேன் என்றுதானே எழுதியிருந்தான்? எந்த முறையில் திறந்தீர்கள் என்று கேட்டேன், போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். திருடனிடமே வாங்கி நம்மிடம் கூட்டி விற்கிற வேலை அது என்றுதான் நான் நினைக்கிறேன். முன்பணம் திரும்பவில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தேன். இப்படி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டர் தாக்குதல்களைக் கவனிக்கிற மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

எங்களைக் காப்பாற்றியது சி.டி.பி. சென்டர், அதாவது கம்ப்யூட்டர் டிசைனிலிருந்து நேரடியாக அச்சுப் பிளேட் போட்டுத் தரும் இடம். அவர்களுக்கு மெயிலில் அனுப்பிய பி.டி.எஃப்.கள் அங்கே இருந்தன. மீதியை வாட்ஸ்அப்பில் பார்ட்டிகளுக்கு அனுப்பிய புரூஃப் படங்களைப் பார்த்து, டிசைனர் பதினெட்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப வரைந்தார். பதினொரு பார்ட்டிகள் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று கடையில் என்றால் மற்றது வீட்டில், வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறோம். சனிக்கிழமை தோறும் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பழைய டிசைனை வேறு சிஸ்டத்தில் திறந்து காட்டச் சொல்கிறேன், கண்ணால் பார்த்த பிறகுதான் கடையைப் பூட்டுகிறோம். உங்கள் ஆளிடமும் இன்றைக்கே ஒரு ஃபைலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அப்படியே ரவுட்டரில் 3389 திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.