காருக்குச் செராமிக் பூச்சு என்று நம்பி 38,500 ரூபாயை இழந்தேன்: யாழ்ப்பாணத்தவர்கள் கவனம்

நேற்று மாலை வரை அந்தக் கடைக்காரரின் தொலைபேசி மணியாவது அடித்தது. இன்று காலை முதல் அதுவும் இல்லை. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த கிழமை வேறொரு பக்கத்தில் வந்து நிற்பார்கள். கைப்பேசியில் விளம்பரம் போட்டு, காணொளி காட்டி, வாகனம் கழுவவும் மினுக்கவும் வேண்டிய சாமான்களைக் கூரியரில் அனுப்பும் இணையக் கடைகளில் ஒன்று என்பதே போதும். பெயின்றின் மேல் பூசினால் இறுகி அதைக் காக்கும் திரவமான செராமிக் பூச்சு என்று நம்பிப் போனது 38,500 ரூபாய். நடந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டிலேயே காரைக் கழுவி மினுக்கிப் பாதுகாப்பது எப்படி என்பதையும் இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது ஒரு பழைய கருநீல விட்ஸ் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்ற எண்ணியிருந்த என்னைப் போன்றவர்கள் இருப்பதைப் பேணப் பழகிக்கொண்டோம். வாரத்தில் ஐந்து நாள் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய் வருவதால் இரண்டு பக்கக் கடலின் உப்பும் காரில்தான் படிகிறது. அதைக் கழுவ வீட்டில் இருப்பதோ கிணற்று நீர். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல் என்பதால், அந்த நீரைத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டமாக நின்றுவிடும். கருநீலத்தில் அது அம்மைத் தழும்பு போலத் தெரியும்.

இந்தக் கறையைப் பற்றித்தான் நான் அந்தப் பக்கத்தில் விசாரித்தேன். அரை மணி நேரத்தில் ஓர் இளைஞர் அழைத்தார். நல்ல யாழ்ப்பாணத் தமிழ். மானிப்பாய்ப் பக்கம் என்றார். "அண்ணை, கொழும்பில இருக்கிறவைக்கு இது விளங்காது. எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலுக்குள்ள படியிற மாதிரித்தான் காரிலயும் படியும். செராமிக் பூசினால் படியவே படியாது" என்றார். அந்தக் கேத்தில்தான் என்னை விழுத்தியது. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியை நேரில் பார்த்தவர் போலல்லவா பேசினார்! நான் விளம்பரத்தில் இருந்த 65,000 ரூபாய்த் தொகுதியைக் கேட்டபோது, "அது உங்களுக்கு வீண் செலவு அண்ணை, இந்தச் சின்ன செற் காணும்" என்று தானாகவே விலையை இறக்கினார். கூடிய விலைக்கு விற்க மறுக்கும் வியாபாரியை யார்தான் சந்தேகிப்பார்கள்? நேர்மையான பெடியன் என்று மனைவியிடம் வேறு சொல்லிக்கொண்டேன். பொதி கிடைத்த பின் செலுத்துவதானால் 40,000, இப்போதே வங்கியில் போட்டால் 38,500 என்றார். 1,500 ரூபாய் மிச்சம் என்று அன்று பின்னேரமே 38,500 ரூபாயை வைப்பிலிட்டேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை.

மானிப்பாய்க்காரர் அனுப்பிய பொதி கொழும்பிலிருந்து வந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும். உள்ளே ஒரு மினுக்கும் இயந்திரம், பெயின்றைத் தேய்த்து மினுக்கும் பசையான கொம்பவுண்ட் ஒரு டப்பா, பெயின்றில் ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் ஒரு களிமண் கட்டி, நான்கு மைக்ரோபைபர் துணி, 50 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று. போத்தலில் "9எச்" என்றும் பத்து வருடம் என்றும் பொன்னெழுத்தில் இருந்தது. தயாரித்தவர் யார், எந்த நாடு, எப்போது என்பது எங்கும் இல்லை. இந்த 9எச் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று அவர் சொல்லியிருந்தார். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு, 9எச் என்பது பென்சிலின் தரமே தவிர வேறில்லை என்பதைப் பணம் போன பிறகுதான் அறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமர நிழலில் வேலையைத் தொடங்கினேன். சுழன்றபடியே பக்கவாட்டிலும் ஆடும் இயந்திரம் என்றுதான் அவர் சொன்னார். அந்த வகை ஒரே இடத்தில் சூட்டைச் சேர்க்காது. வந்ததோ வெறுமனே சுழலும் இயந்திரம். பெயின்றின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு தலைமயிரிலும் மெல்லியது, ஓரங்களில் இன்னும் மெல்லியது. பொனற்றின் இடப்பக்க விளிம்பில் இயந்திரம் சில விநாடிகள் கூடுதலாக நின்றிருக்க வேண்டும். துணியால் துடைத்தபோது துணி நீலமாக வந்தது. விளிம்பில் பெருவிரல் அகலத்துக்குப் பெயின்ற் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சுத் தெரிந்தது.

அது என் கைப்பிழை என்று எண்ணிக்கொண்டு, சொன்னபடியே போத்தலில் இருந்ததைப் பூசினேன். மறுநாள் நீர் ஊற்றினால் துளிகள் முத்து முத்தாக உருண்டோடின. அந்தச் சந்தோசத்தில் பொனற் விளிம்பை விட்டுவிட்டு, கதவில் நீர் ஊற்றுவதைக் காணொளி எடுத்து, நன்றி என்று எழுதி அவருக்கே அனுப்பினேன். இரண்டாம் முறை ஷாம்பு போட்டுக் கழுவியபோது முத்துகளும் போய்விட்டன. நீர் முன்போலவே பரந்து நின்றது, வெள்ளை வட்டங்களும் திரும்பி வந்தன.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், "வெயிலில பூசினியளோ?" நிழலில்தான் என்று படம் அனுப்பினேன். இரண்டாம் நாள், "24 மணித்தியாலம் நனையாமல் வைச்சிருந்தனீங்களோ?" வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது: "உங்கட கிணத்துத் தண்ணி சரியில்லை அண்ணை. அந்தத் தண்ணிக்கு எந்தச் செராமிக்கும் நிக்காது." எந்த நீரைக் காட்டி விற்றாரோ அதே நீரின் தலையில் பழியைப் போட்டார்! அதன் பின், கொம்பனியிடம் சொல்லியிருக்கிறோம், பொறுப்பானவர் விடுமுறையில் நிற்கிறார், பொதியைப் பிரித்தால் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. 38,500 ரூபாயில் இயந்திரத்தின் பெறுமதியையாவது தாருங்கள் என்றேன். அந்தச் செய்தியைப் படித்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை.

இதற்கிடையே போத்தலில் மிஞ்சியிருந்த சில துளிகளை ஒரு பழைய கண்ணாடித் துண்டில் விட்டு வைத்திருந்தேன். உண்மையான செராமிக் பூச்சு காற்றுப்பட்டால் இறுகிக் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும், விரலால் தேய்த்தால் போகாது. பத்து நாள் கழித்து நான் தொட்டபோது விரல் வழுக்கியது. காகிதத்தால் ஒரு தரம் துடைத்தேன், கண்ணாடி சுத்தமாகிவிட்டது. 38,500 ரூபாய்க்கு நான் வாங்கிப் பூசியது ஏதோ ஓர் எண்ணெய். இதைவிட நல்லெண்ணெய் பூசியிருந்தால் வாசமாவது இருந்திருக்கும்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கிணற்று நீரால் கழுவினால் காய முன்னர் துடைத்துவிடுங்கள், அதற்கு மேலான பாதுகாப்பு எதுவுமில்லை. நல்ல செராமிக் பூச்சிலும் நீர் நின்று காய்ந்தால் கறை விழத்தான் செய்யும். விழுந்த புதுக் கறைக்கு நீர் கலந்த வினாகிரியைத் துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிட்டால் போதும். சுழலும் இயந்திரத்தைப் பழக்கமில்லாத கையால் தொடாதீர்கள். தயாரிப்பாளர் பெயரில்லாத போத்தலை வாங்காதீர்கள், பொதியைப் பார்க்க முன்னர் பணம் போடாதீர்கள், பற்றுச்சீட்டை விடாதீர்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நான் வங்கிச் சிட்டையையும் குறுஞ்செய்திகளையும் இன்றிரவு ஒழுங்குபடுத்துகிறேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். அந்தக் கடையின் விளம்பரம் இன்றும் ஓடுகிறது. அதில் புதிதாக ஒரு காணொளி சேர்த்திருக்கிறார்கள்: ஒரு கருநீலக் கதவு, அதன் மேல் உருண்டோடும் நீர்த்துளிகள், கீழே "யாழ்ப்பாணத்து வாடிக்கையாளரின் மகிழ்ச்சி" என்ற வரி. அதில் வாளியைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. அதைப் பார்த்துப் பணம் போடவிருப்பவர்கள் தயவுசெய்து போடாதீர்கள்.