35 மில்லிமீட்டர் இறக்கிய ஸ்விஃப்ட்: 20 மாசம் ஓட்டிய கதை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிற வண்டி, 2018 ஸ்விஃப்ட். 2024 ஜூனில் நாலு ஸ்பிரிங்கையும் மாற்றி வண்டியின் உயரத்தை 35 மில்லிமீட்டர் இறக்கினேன். டயருக்கு மேலே தெரிந்த அந்த இடைவெளி கண்ணை உறுத்தியது, வேறு காரணம் கிடையாது. ஒரு பட்டறையில், இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துத் தருகிறோம், ஆயிரம் ரூபாயில் முடியும் என்றார்கள். அதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை. அறுத்த ஸ்பிரிங் அதன் இடத்தில் ஒழுங்காக உட்காராது, பள்ளத்தில் தூக்கிப் போடும்போது நழுவினால் அவ்வளவுதான். 16,000 ரூபாய்க்கு செட்டாக வாங்கிப் போட்டேன், ஷாக் அப்சார்பர் மட்டும் பழையதே.

முதல் மாசம் சந்தோஷமாகத்தான் போனது. வளைவில் வண்டி சாயவே இல்லை, பார்க்கவும் அழகு.

கம்பெனிக் கணக்கில் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், இறக்கிய பிறகு 128. விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. நம்ம பக்கத்துத் தெருக்களில் இருப்பதோ பனைமரத்தைக் குறுக்கே போட்டு மேலே தார் ஊற்றிய மாதிரி. தனியாகப் போனால் கோணலாக ஏற்றி ஒவ்வொரு சக்கரமாக இறக்கிவிடுவேன். நாலு பேர் உட்கார்ந்தால் அதுவும் நடக்காது. தவளக்குப்பம் பக்கம் ஒரு தடவை அடியில் சர்ரென்று உரசியதும் அம்மா, "நிறுத்துடா, நான் இறங்கி நடந்தே வர்றேன்" என்று சொல்லி நிஜமாகவே இறங்கி நடந்தார்.

ஆனால் செலவு வைத்தது வேகத்தடை இல்லை, பள்ளம்தான். சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் 35 மில்லிமீட்டரை நானே தின்றுவிட்டேன், அதனால் கொஞ்சம் ஆழமான பள்ளம் என்றாலே சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கிற ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் போய் 'டங்'கென்று இடிக்கிறது, அந்த அடி நேராகப் பாடிக்கும் நம் இடுப்புக்கும் வருகிறது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம், தண்ணீர் நிற்கிற இடத்தில் எது குட்டை, எது குழி என்று யாருக்குத் தெரியும்? அடுத்த சில மாசத்தில் இடது முன் ஷாக்கில் ஆயில் கசிவு, இரண்டு லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் என்று சக்கரத்தைப் பிடித்து நிற்கிற பாகங்கள் ஒவ்வொன்றாகச் செலவு வைத்தன.

டயர் விஷயம் என் சோம்பேறித்தனம். ஸ்பிரிங் போட்ட அன்று சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட் பார்த்தேன், அது படிந்து உட்கார்ந்த பிறகு மறுபடி பார்க்கவில்லை. வெளியே நின்று பார்த்தால் டயரின் பட்டன், அதாவது தரையில் பிடிக்கிற மேடு பள்ளம், நன்றாக இருந்தது. இறக்கிய பிறகு ஓடிய 14,000 கிலோமீட்டரில் மெக்கானிக் அண்ணன் ஸ்டீயரிங்கை ஒடித்து, "தம்பி, உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க" என்றார். வழுக்கை.

23,000 கிலோமீட்டரில் பரணில் கிடந்த பழைய ஸ்பிரிங்கை இறக்கி, நாலு புது ஷாக்கோடு போட்டுவிட்டேன். இறக்குகிற ஆசை இருந்தால் ஷாக்கையும் சேர்த்து மாற்றுங்கள், 20 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள், கம்பெனி ஸ்பிரிங்கை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

வலது முன்பக்கம் இன்னும் ஒரு 'டொக் டொக்' இருக்கிறது. ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கிற ஸ்ட்ரட் மவுண்ட் என்று சந்தேகம், ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்கணும்.