எம்.ஐ.டி.யின் இலவச லீனியர் அல்ஜிப்ரா: பாடம் சரியாகும், கிரேடு சரியாகாது

லீனியர் அல்ஜிப்ராவில் ‘சி’ வாங்கிவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பலரும் தேடிப் போவது, எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தின் 18.06எஸ்சி என்ற பாடம். நடத்துபவர் கில்பர்ட் ஸ்ட்ராங். தனியாகப் படிப்பவர்களுக்கென்றே 2011இல் அமைத்த பாடம். கட்டணம் கிடையாது, பதிவும் வேண்டாம்.

பாடம் மூன்று பகுதி. ஒவ்வொன்றின் முடிவிலும் விடையோடு ஒரு தேர்வு உண்டு. வீடியோவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் பகுதியின் தேர்வை ஒரு மணி நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று அதுவே காட்டிவிடும். அநேகமாக அது துணைவெளிகளில்தான் (ஒரு வெக்டர் வெளிக்குள் அடங்கும் சிறு வெளிகள்) இருக்கும். மேட்ரிக்ஸை வரிசை வரிசையாகச் சுருக்குவது எல்லோருக்கும் வரும். காலம் ஸ்பேஸுக்கு (மேட்ரிக்ஸின் காலங்கள், அதாவது நெடுவரிசைகள், சேர்ந்து உருவாக்கும் வெளி) அடித்தளம் (பேசிஸ்) கேட்டால், சுருக்கிய மேட்ரிக்ஸின் பிவட் காலங்களை (வரிசையின் முதல் பூச்சியமல்லாத எண் விழும் நெடுவரிசைகளை) அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். மூல மேட்ரிக்ஸின் முதல் காலம் (1, 2, 3) என்றால், சுருக்கியதில் அது (1, 0, 0) ஆகியிருக்கும். வரிசைச் செயல்கள் நல் ஸ்பேஸை (மேட்ரிக்ஸால் பெருக்கினால் பூச்சியமாகும் வெக்டர்களின் வெளியை) மாற்றாது, காலம் ஸ்பேஸை மாற்றிவிடும். பிவட் எந்தக் காலத்தில் விழுகிறது என்பதை மட்டும் சுருக்கியதில் பார்த்துவிட்டு, காலத்தை மூலத்திலிருந்து எடுக்க வேண்டும். ஸ்ட்ராங் இதைக் கரும்பலகையில் எண்களோடு போட்டுக் காட்டும் நிதானத்துக்காகவே இந்தப் பாடத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். உதவி ஆசிரியர்கள் கணக்குப் போடும் குறு வீடியோக்களை ஓடவிட்டுப் பார்ப்பது வீண். நிறுத்தி, தாளில் போட்டு முடித்த பிறகு மிச்சத்தைப் பாருங்கள்.

குறை என்று பார்த்தால், நிரூபணப் பயிற்சி குறைவு. தூய கணிதத்துக்குப் போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. புள்ளியியல், மெஷின் லேர்னிங், பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு அடித்தளமாகத் தாங்கும்.

பெரிய குறை வேறு. இதில் கிரெடிட்டும் இல்லை, சான்றிதழும் இல்லை. சேர்க்கைக் குழுவிடம் காட்ட ஒரு தாள்கூடக் கையில் இருக்காது. மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வில் கணக்குக்கு 170க்கு 170 வாங்கினாலும் இந்த இடம் நிரம்பாது. அந்தக் கணக்கு பள்ளி அளவோடு நின்றுவிடும். அதனால் இதை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, அடுத்த படியில் உள்ள ஒரு பாடத்தை, நியூமெரிக்கல் லீனியர் அல்ஜிப்ரா மாதிரி ஒன்றை, கிரேடு தரும் கல்லூரியில் எடுங்கள். அதில் வரும் ‘ஏ’ பழைய ‘சி’க்குப் பதில் சொல்லும். அதை நடத்தியவரிடமே பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள்.

நோக்க அறிக்கையில் இதற்கு இரண்டு வரி போதும்: எந்தப் பாடத்தில் சறுக்கல், அதன்பின் எதை எடுத்து என்ன கிரேடு. காரணங்களை நீட்டினால் படிப்பவர் கண் சறுக்கலிலேயே நின்றுவிடும். விண்ணப்பிக்கும்போது அந்தப் பாடம் முடியவில்லையென்றால் ‘தற்போது படிப்பது’ என்று குறிப்பிடுங்கள். கிரேடு வந்த பிறகு புது டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) அனுப்பினால் ஏற்பார்களா என்று துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.