லாங் டிராவல் என்று சொல்லி அகல ஆர்ம் மாட்டி அனுப்புகிறார்கள்: குவாட் வைத்திருப்பவர்கள் கவனம்

ஷார்ஜா, அஜ்மான் பக்கம் குவாட், அதாவது மணலில் ஓட்டும் நான்கு சக்கர பைக், வைத்துக்கொண்டு, பாலைவனப் பந்தயத்துக்காக முன்பக்க சஸ்பென்ஷனை மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பலன் இல்லை. விசாரித்தவரை இதே வேலையைச் செய்கிற கடைகள் வேறும் இருக்கின்றன.

என்னுடைய வண்டி யமஹா ராப்டர் 700ஆர். வெள்ளிக்கிழமை அல் பதாயர் மணலில் சுற்றுவதற்குக் வண்டியோடு வந்த கம்பெனி ஷாக்கே (ஷாக் அப்சார்பர்) போதும். முன்சக்கரம் 231 மி.மீ., அதாவது ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், ஏறி இறங்கும். இந்த அளவைத்தான் டிராவல் என்பார்கள். பந்தயம் என்றால் அது பத்தாது. வரிசையாக வரும் மணல் அலைகளில் வேகத்தைக் குறைக்காமல் போனால் மூன்றாவது நான்காவது மேட்டிலேயே ஷாக் அடிவரை அமுங்கிவிடும். அதற்கு மேல் வருகிற அடியெல்லாம் மணிக்கட்டுக்குத்தான்.

இதற்கு மருந்துதான் லாங் டிராவல் செட். நீளமான ஏ-ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் A வடிவக் கை), அதில் ஷாக் உட்காரும் இடம் மாற்றப்பட்டிருக்கும், அதற்கேற்ற நீள ஷாக், ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங், உள்ளே அதற்கேற்ற வால்விங், அதாவது ஷாக் எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடுகளின் அமைப்பு. இத்தனையும் சேர்ந்து வந்தால்தான் அது செட்.

கடைக்காரர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் தேன். “தம்பி, டக்கார்ல ஓடுற செட்டிங்கையே போட்டுத் தரேன். பன்னெண்டு இன்ச் டிராவல். கண்ண மூடிட்டு ஓட்டுங்க” என்றார். டக்கார் என்ற பாலைவன நெடும்பந்தயத்தின் பெயர் ராப்டர்காரர்களிடம் நன்றாக வேலை செய்யும். 2009 முதல் 2024 வரை அங்கே குவாட்டுக்கென்று தனிப்பிரிவு இருந்தது, ஜெயித்த வண்டிகளில் பெரும்பாலானவை ராப்டர் 700. சிலி நாட்டு இக்னாசியோ கசாலே 2014, 2018, 2020 என மூன்று முறை வென்றதும் யமஹாவில்தான். கடைச் சுவரில் அந்தப் படங்கள் பெரிதாக ஒட்டியிருந்தன.

குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த உறுதியான ஸ்டீல்) குழாயில் செய்த ஆர்ம், பக்கத்துக்கு இரண்டு அங்குலம் அகலம், என் எடைக்கு வால்விங் செய்த ரிசர்வாயர் ஷாக் (எண்ணெய்க்கும் வாயுவுக்கும் தனிக் குடுவை உள்ளது), புது டை ராட், ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ். மொத்தம் 9,200 திர்ஹாம் என்று பேச்சு. ஆர்மின் மேல் ஒரு காந்தத்தை ஒட்டிக் காட்டி, “அசல் குரோமோலி, பாருங்க” என்றார். குரோமோலியும் இரும்புதான், சாதா ஸ்டீலும் இரும்புதான். காந்தம் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். இதை ஒரு சோதனையென்று யாராவது உங்களிடம் செய்து காட்டினால் அங்கிருந்தே நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று. என் எடை என்னவென்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னபோதும் எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று பார்க்க ஜோராகத்தான் இருந்தது. சிவப்பு பவுடர் கோட்டிங், முன்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது, ஹேண்டில்பாரை அமுக்கினால் கெட்டியாக எதிர்க்கிறது. “எப்படி?” என்று புருவத்தை உயர்த்தினார். அந்தக் கெட்டிதான் ஏமாற்று.

எப்படி என்றால், ஷாக் அதே இடத்தில் இருக்க ஆர்மை மட்டும் நீட்டினால் சக்கரத்துக்கு நெம்புபலம் கூடிவிடுகிறது. ஆர்ம் 15 சதவீதம் நீண்டால் சக்கரம் உணரும் ஸ்பிரிங் பலம் 15 சதவீதம் குறைவதில்லை, கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது. நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி அது இறங்கும். ஆகவே கடினமான ஸ்பிரிங் போட்டே ஆக வேண்டும். இவர் பழைய ஸ்பிரிங்குக்குப் பெயின்ட் அடித்து, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடு வளையத்தை முடிந்த மட்டும் இறுக்கிவிட்டார். பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியைத் தூக்கித்தான் நிறுத்தும். கையால் அமுக்கிப் பார்க்கிறவனுக்கு முதல் அமுக்கு மட்டும் கெட்டியாகத் தெரியும். மணலில் வேகமாக இறங்கும்போது அதே பழைய ஸ்பிரிங், முன்னைவிடத் தொளதொள.

மணலில் நடந்ததும் அதேதான். சின்ன மேடுகளில் முன்பக்கம் கட்டைபோல் குதித்தது. பெரிய பள்ளத்தில் மொத்தமாக அமுங்கி உள்ளே இரும்பு இரும்பில் மோதும் சத்தம். ஒரு சக்கரம் ஏறினால் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் வெட்டியது. திரும்பி வந்து துடைத்துப் பார்த்தால், ஷாக் உட்காரும் பட்டைக்கும் ஆர்முக்கும் நடுவே வெல்டிங் ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் முடி அளவுக்கு விரிந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது.

அப்புறம் அஜ்மானில் பைக் ஷாக் மட்டுமே பார்க்கிற ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினார். பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. விரலால் தட்டிக் காட்டினார். அது கம்பெனி ஹோஸேதான், மாற்றவே இல்லை. மேலே பளபளப்பான உறை மட்டும் போட்டிருக்கிறார்கள். தாவும்போது சக்கரம் முழுதாகத் தொங்கி, அந்த நேரம் ஹேண்டிலும் திரும்பியிருந்தால் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு வரலாம். முன்பிரேக் அத்தோடு சரி.

டை ராடைப் பார்த்ததும் அவரே கொஞ்சம் பின்வாங்கினார். பழைய ராடை வெட்டி, நடுவில் குழாய் செருகி வெல்டிங் வைத்து நீட்டியிருந்தார்கள். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைப்பது அந்த ஒரு கம்பிதான். ஆர்ம் நகரும் வட்டத்துக்கும் அந்த ராட் நகரும் வட்டத்துக்கும் பொருத்தமே இல்லாததால்தான் சக்கரம் ஏறும்போதெல்லாம் ஹேண்டில் வெட்டியிருக்கிறது.

ரிசர்வாயரின் மூடியைக் கழற்றி வால்வை அழுத்தினார். நைட்ரஜன் இருந்திருந்தால் சீறியிருக்கும். ஒரு மூச்சுகூட வரவில்லை. வாயு அழுத்தம் இல்லாவிட்டால் எண்ணெய் நுரைத்து, கொஞ்ச தூரத்திலேயே ஷாக் செத்துவிடும். பிரித்தபோது வந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது, உள்ளே வால்வுத் தகடுகள் கம்பெனியில் வைத்த வரிசையிலேயே இருந்தன. வால்விங் என்று சொல்லி வாங்கிய காசுக்கு ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை.

கடைசியாக டிராவல். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு ஒரு அளவு, அடிவரை தூக்கி ஒரு அளவு. பன்னிரண்டு அங்குலம் என்று சொன்ன இடத்தில் பத்தரையைத் தொடவில்லை. அந்தக் கூடுதலும் ஆர்ம் நீண்டதால் தானாக வந்தது.

போட்டோக்களோடு கடைக்குப் போனேன். “மணல்ல ஓட்டினா எல்லா வண்டியும் இப்படித்தான் தம்பி ஆகும்” என்றார். டை ராட் படத்தைக் காட்டினேன். “அது பையன் பண்ண வேலை, நான் ஊர்ல இருந்தேன்” என்றார். பணத்தைக் கேட்டதும், “பில்லுல என்ன எழுதியிருக்கு, பாருங்க” என்றார். 5% வாட் எல்லாம் போட்டு முறையான பில்தான். அதில் இருப்பது ஒரே வரி: முன்பக்க சஸ்பென்ஷன் அப்கிரேட், முழு செட். ஆர்ம் என்ன உலோகம், ஷாக் என்ன மாடல், ஸ்பிரிங் எவ்வளவு கடினம், எத்தனை அங்குல டிராவல், எதுவும் இல்லை.

ஷார்ஜா பொருளாதார மேம்பாட்டுத் துறையில் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே எனக்குக் கைகொடுப்பது வாட்ஸ்அப்தான். பன்னிரண்டு இன்ச், குரோமோலி, புது டை ராட் என்று அவரே அனுப்பிய குரல் செய்திகள் அழியாமல் இருக்கின்றன. பேச்சை நேரில் முடித்தாலும், “நீங்க சொன்னதை ஒருதடவை வாட்ஸ்அப்ல போடுங்கண்ணே” என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஜாக்கியில் தூக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஹேண்டிலைத் திருப்பி ஹோஸைப் பாருங்கள். டை ராடில் ஒட்டு இருக்கிறதா என்று கையால் தடவுங்கள். ஹெல்மெட், பூட்ஸோடு வண்டியில் உட்காருங்கள். மொத்த டிராவலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் முன்பக்கம் இறங்க வேண்டும். நான் உட்கார்ந்தால் என் வண்டி அசையவே இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி டிராவலை அளந்து காட்டச் சொன்னால் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும், ஒன்பதாயிரம் கொடுப்பது நாம்தானே.

போன வாரம் அவரே போன் பண்ணினார். புகாரை வாபஸ் வாங்கி, ஆர்ம்களைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருகிறாராம். நான் கொடுக்கவில்லை. வெல்டிங்கைத் தேய்த்து, இன்னொரு கோட்டிங் அடித்தால் அந்த விரிசல் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த வாரமே வேறு யாருடைய வண்டியிலாவது ஏறிவிடும். இப்போது அவை என் பால்கனியில் கிடக்கின்றன. அந்த வெல்டிங்கை நேரில் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன், வண்டிக்கு இன்னும் முன்பக்கம் வரவில்லை.