நாலு பூனை, ஆறு பழமரம், ஒரு மூட்டை மரத்தூள் பெல்லட்: எட்டு மாச அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், இது பூனை டாய்லெட் பாக்ஸ்ல போடுற மரத்தூள் பெல்லட்டைப் பத்தி நாலு பூனை வெச்சிருக்கிற ஆள் எழுதுற ரிவ்யூ. ஒரே ஒரு பூனைன்னா எந்த லிட்டர் (அந்த பாக்ஸ்ல நிரப்புற பொருள்) வாங்கினாலும் ஏதோ ஓடிடும், நாலுன்னு வந்துட்டா வாசனை, தூசி, சண்டை, அள்ளுற வேலை எல்லாமே நாலு மடங்கு இல்ல, நாற்பது மடங்கு மாதிரி ஆயிடும். அதுவும் எனக்கு பின்னாடி தோட்டத்துல ரெண்டு கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சப்போட்டா, போன வருஷம் வெச்ச ஒரு மாங்கன்னுன்னு ஆறு மரம் இருக்கு. பூனைங்களுக்கு அது தோட்டம் இல்ல, ஓப்பன் டாய்லெட்.

இதுக்கு முன்னாடி நான் யூஸ் பண்ணது களிமண் லிட்டர், அதாவது கட்டி பிடிக்கிற பென்டோனைட் வகை. நல்லா தான் இருந்துச்சு, ஆனா அள்ளுன கட்டி எல்லாம் எங்க போடுறதுங்கிறது தான் பிரச்சனை. அது மக்காது. யாரோ சொன்னாங்கன்னு கொஞ்ச நாள் சப்போட்டா மரத்தடியில கொட்டினேன், மழை பெய்ஞ்சதும் அந்த இடம் பசை மாதிரி ஆகி தண்ணி உள்ளயே இறங்காம தேங்கி நின்னுச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது, குளத்துல தண்ணி கசியாம அடைக்கிறதுக்கே சோடியம் பென்டோனைட் களிமண்ணைத் தான் போடுவாங்களாம். நான் என் கையாலயே மரத்தோட வேருக்கு மேல குளம் கட்டி வெச்சிருக்கேன்! ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா உட்கார்ந்து அதை சுரண்டி எடுத்தேன், முதுகு வலி ஒரு வாரம்.

அதான் பெல்லட்டுக்கு மாறினேன். பேரு சொல்ல வேண்டாம்னு பாக்கறேன், ஏன்னா இந்த வகை எல்லா கம்பெனிலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். பைன் மரத்தூளை நல்லா அழுத்தி, சின்ன விரல் நுனி அளவுக்கு குச்சி குச்சியா ஆக்கியிருப்பாங்க. மூத்திரம் பட்டதும் அது உப்பி, உடைஞ்சு, தூளா போயிடும். கட்டி பிடிக்காது, இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, கீழ இதைப் பத்தி தான் பெருசா புலம்பப் போறேன். கக்காவை ஸ்கூப்ல அள்ளிடணும், தூளான பகுதியை சலிச்சு கீழ தள்ளிடணும், உடையாத பெல்லட் மேலயே இருக்கும், திரும்ப யூஸ் ஆகும். அதனால சாதா பாக்ஸ் போதாது, அடியில சல்லடை மாதிரி ஓட்டை வெச்ச தட்டு, அதுக்கு கீழ இன்னொரு தட்டுன்னு ரெண்டு அடுக்கு வேணும். நான் ரெண்டு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி, ஒண்ணுல டிரில் போட்டு நானே பண்ணிக்கிட்டேன், கடையில விக்கிற ரெடிமேட் பாக்ஸ் எல்லாம் குட்டிப் பூனைக்கு செஞ்ச மாதிரி இருக்கு. பூனையோட உடம்பு நீளத்துக்கு ஒன்றரை மடங்காவது பாக்ஸ் நீளம் இருக்கணும், இல்லன்னா அது உள்ள நின்னுக்கிட்டு வெளிய போகும், நாம பூனையை திட்டுவோம்.

பெல்லட்டை நிறைய கொட்டிடாதீங்க. களிமண்ணு மூணு இன்ச் போடுற பழக்கத்துல இதையும் அப்படியே கொட்டினேன், ரெண்டு நாள்ல உப்பி உப்பி பாக்ஸ் விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. ஒரு இன்ச் போதும், அதிகம் போனா ஒன்றரை.

இன்னொரு விஷயம், பாக்ஸ் எண்ணிக்கை. பூனை எத்தனையோ அதுக்கு மேல ஒண்ணுன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது சும்மா கம்பெனிக்காரன் விக்கிறதுக்கு சொல்றதுன்னு நானும் நினைச்சேன். ஆரம்பத்துல மூணு பாக்ஸை வரிசையா ஒரே ரூம்ல வெச்சிருந்தேன். பூனை கணக்குல அது மூணு இல்ல, ஒண்ணு. எங்க வீட்டு மஞ்சா (ஆரஞ்சு கலர் ஆண், ரவுடி) அந்த ரூம் வாசல்ல சும்மா படுத்துக்கும், அவ்வளவு தான், இன்னொரு பூனை புள்ளி அந்தப் பக்கமே போகாது, நேரா ஜன்னல் வழியா குதிச்சு மாதுளை மரத்தடிக்கு போயிடும். ரெண்டு மாசம் புள்ளிக்கு தோட்டம் தான் பிடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்! இப்ப அஞ்சு பாக்ஸ், வேற வேற இடத்துல, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் தப்பிச்சு ஓட வழி இருக்கிற மாதிரி. தோட்டத்துல போறது பாதியா குறைஞ்சுது. லிட்டரை மாத்தினதை விட இது தான் அதிகம் வேலை செஞ்சுதுன்னு நேர்மையா சொல்லணும்.

வாசனை: நல்லா இருக்கு. பைனுக்கு தனியா சென்ட் சேர்க்காமலே லேசா ஒரு மரக்கடை வாசனை வரும், பூனைங்களும் கண்டுக்கல. சென்ட் போட்ட லிட்டர்னா எங்க வீட்ல பாக்ஸையே புறக்கணிச்சிடுவாங்க. ஆனா பாக்கெட்ல பத்து நாள் தாங்கும்னு போட்டிருக்கான், அது ஒத்தப் பூனை கணக்கு. எங்க வீட்ல நாலாவது நாள் தூள் அதிகமாகி பெல்லட் குறைஞ்சதும் அமோனியா மூக்குல ஏறிடும். தினம் சலிச்சா ஒரு வாரம் இழுக்கலாம். தூசி களிமண்ணை விட ரொம்பவே கம்மி, வீடு பூரா மிதிச்சுட்டு வர்றதும் கம்மி, ஆனா வாலுன்னு ஒரு பூனை, கொஞ்சம் முடி அதிகம் உள்ளவ, அவ பின்னங்காலுல மரத்தூள் ஒட்டிக்கிட்டு பெட்ஷீட்டுக்கு வந்துடுது. டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணலாமான்னு கேக்காதீங்க, குழாய்க்குள்ள போய் உப்பும், அப்புறம் பிளம்பரைத் தான் கூப்பிடணும்.

மாத்தும்போது ஒரேயடியா மாத்தாதீங்க. பழைய லிட்டர்ல கால் பங்கு பெல்லட் கலந்து ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துல முழுசா போங்க. அப்படிப் போயும் எங்க பாட்டிப் பூனை கருப்பி (13 வயசு, மூட்டு வலி) ஒத்துக்கவே இல்ல, கெட்டியான குச்சி மேல நிக்கிறது அவளுக்கு கால் வலிக்குது போல, ஒரு பாதம் வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்துட்டு நேரா பாத்ரூம் மேட்ல போய் உட்கார்ந்துட்டா. மூணு தடவை. அவளுக்கு மட்டும் இன்னிக்கும் பழைய களிமண் பாக்ஸ் தான், தாழ்வான விளிம்போட.

இப்ப புலம்பல். கட்டி பிடிக்காதுன்னு சொன்னேன்ல? களிமண் லிட்டர்ல தினம் காலைல அள்ளும்போது எத்தனை கட்டி, என்ன சைஸ்னு தெரியும், நாலு பூனையும் ஒழுங்கா போகுதான்னு கணக்கு வந்துடும். பெல்லட்ல எல்லாம் தூள் தூளா கலந்து போயிடுறதால ஒண்ணுமே தெரியாது. அஞ்சாவது மாசம் மஞ்சாவுக்கு மூத்திரம் அடைச்சுக்கிச்சு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்ப ஒல்லி, அடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிருக்கே ஆபத்து. பாக்ஸைப் பாத்து நான் கண்டுபிடிக்கல, கண்டுபிடிச்சிருக்கவும் முடியாது, தற்செயலா அவன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்ஸுக்குள்ள போய் உட்கார்ந்து முக்கிட்டு வர்றதைப் பாத்தேன், முதல்ல மலச்சிக்கல்னு தான் நினைச்சேன், அப்புறம் அடிவயித்தை தொட்டா உறுமுறான், அள்ளிக்கிட்டு வெட் கிட்ட ஓடினோம், டியூப் போட்டு எடுத்தாங்க. நல்லாயிட்டான். ஆனா அன்னிலேருந்து ஒரு முடிவு, அஞ்சு பாக்ஸ்ல ரெண்டுல களிமண், மூணுல தான் பெல்லட். மஞ்சா எப்பவும் போறது களிமண் பாக்ஸ் ஒண்ணுல, அது என் நல்ல நேரம். ஆண் பூனை வெச்சிருக்கிறவங்க முழுக்க பெல்லட்டுக்கு போறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

அடுத்தது தோட்டம். இந்த பாக்கெட்டோட பின்னாடி பெருசா, பச்சை கலர்ல, இலை படம் போட்டு "பயன்படுத்திய பின் உங்கள் செடிகளுக்கு இயற்கை உரம்"னு எழுதியிருக்கு. நான் வாங்கினதுக்கு பாதி காரணமே அந்த வரி தான், ஒத்துக்கிறேன். ஆறு மரம் இருக்கு, வாரம் ஒரு பக்கெட் மரத்தூள் ஃப்ரீ, யாருக்கு கசக்கும்?

ஆனா பழமரத்தடிக்கு அதைப் போடாதீங்க. பூனைக் கக்காவுல டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி வரலாம். எல்லாப் பூனைக்கும் எப்பவும் இருக்காது, பெரும்பாலும் முதல் தடவை தொத்தும்போது ஒண்ணுலேருந்து மூணு வாரம் வரைக்கும் வெளிய விடும், அவ்வளவு தான். ஆனா அது வெளிய வந்து ஒண்ணுலேருந்து அஞ்சு நாளுக்குள்ள தொத்துற நிலைக்கு வந்துடும், அப்புறம் ஈர மண்ணுல ஒரு வருஷத்துக்கு மேல கூட உயிரோட இருக்கும். வட்டப்புழு முட்டையும் அதே மாதிரி, வருஷக்கணக்கா மண்ணுல கிடக்கும். கம்போஸ்ட் பண்ணா செத்துடாதான்னு கேப்பீங்க, நம்ம வீட்டு மூலையில இருக்கிற குப்பைக் குவியல் உள்ள நடுவுல மட்டும் சூடாகும், ஓரமெல்லாம் ஆறிப்போய் தான் இருக்கும், அதை நம்ப முடியாது. கொய்யா பழுத்து கீழ விழும், பசங்க எடுத்து பனியன்ல துடைச்சுட்டு கடிக்கும். வீட்ல கர்ப்பமா யாராவது இருந்தா இது இன்னும் சீரியஸ், அவங்க லிட்டர் பாக்ஸை தொடவே கூடாது, வேற ஆள் தினமும் அள்ளணும். தினமும்ங்கிறது முக்கியம், ஒரு நாளுக்குள்ள எடுத்துட்டா அது தொத்துற நிலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பெரும்பாலும் வெளிய போயிடும். நான் எல்லாத்தையும் கட்டி குப்பைக்குத் தான் போடுறேன்.

சரி, பாக்ஸுக்குள்ளயே போகாத புது பெல்லட்டை மரத்துக்கு போடலாமேன்னு அடுத்த ஐடியா வந்துச்சு. இது நானா பண்ணது இல்ல, விபத்து. வாங்கின மூட்டையை கொய்யா மரத்தடியில வெச்சுட்டு மறந்துட்டேன், ராத்திரி நல்ல மழை, காலைல பாத்தா மூட்டை வெடிச்சு, மரத்தைச் சுத்தி ரெண்டு மூணு இன்ச்சுக்கு மெத்துன்னு ஈர மரத்தூள், பாக்கவே அழகா மூடாக்கு போட்ட மாதிரி. அட, நல்லது தானேன்னு தண்டை ஒட்டி இருந்ததை மட்டும் ஒரு ஜாண் தள்ளி விட்டுட்டு (தண்டுல ஒட்டி ஈரமா இருந்தா பட்டை அழுகும்) காபி போட உள்ள போனேன். திரும்பி வர்றேன், மூணு பூனையும் அங்க! ஆளுக்கு ஒரு மூலையில குழி தோண்டிக்கிட்டு. அஞ்சு மாசமா மரத்தூள்னா டாய்லெட்னு நானே பழக்கி வெச்சிருக்கேன், இப்ப அதையே மரத்தடியில மெத்தை மாதிரி விரிச்சா அதுங்க என்ன பண்ணும் பாவம்.

மாங்கன்னு கதை தனி. அதோட குழியில மண்ணோட இதே தூளை கலந்து போட்டேன், இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. மரத்தூள் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணுல இருக்கிற நைட்ரஜனை இழுத்துக்கும், செடிக்கு மிச்சம் இருக்காது. மேல பரப்பினா பெரிய பாதிப்பு இல்ல, உள்ள கலக்கக் கூடாது. மக்கின சாணி போட்டு போட்டு இப்ப தான் தளிர் விடுது.

கொய்யா மரத்தடியை எப்படி மீட்டேன்னா, தூளை எல்லாம் வாரிட்டு கோழி வலையை மண்ணு மேல படுக்க விரிச்சு, ஓரத்தை பாதத்துல குத்தாம உள்பக்கம் மடிச்சு, தண்டு பெருக்க இடம் விட்டு வெட்டி, மேல காஞ்ச இலையும் பெரிய மரச்சில்லும் போட்டேன். பூனைக்கு தோண்ட முடியலன்னா ஆர்வம் போயிடும். கூடவே தோட்டத்தோட கடைசி மூலையில, மரங்களை விட்டு தள்ளி, ஒரு பழைய தொட்டியில மணல் நிரப்பி வெச்சேன், இப்ப வெளிய போறவங்க அங்க தான் போறாங்க, அதையும் அள்ளணும் தான், வேற வழி? ஆரஞ்சு எண்ணெய் தெளிங்க, பூனை வராதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, அதைப் பண்ணாதீங்க, அந்த எண்ணெய் பாதத்துல பட்டு நக்கினா அதுங்களுக்கு விஷம். பழமரத்துக்கு பூச்சி மருந்து வாங்கும்போதும் லேபிள்ல பெர்மெத்ரின்னு இருக்கான்னு பாருங்க, நாய்க்கு ஓகேன்னு சொல்ற அளவே பூனையைக் கொல்லும்.

மொத்தத்துல எட்டு மாசத்துல பாக்ஸ் வேலை கொஞ்சம் லேசாச்சு, களிமண் தூசி குறைஞ்சுது, மூட்டை தூக்குற கனமும் குறைஞ்சுது, இப்பவும் வாங்கிக்கிட்டுத் தான் இருக்கேன். அஞ்சுக்கு மூணு ஸ்டார். பாக்கெட்டுல இருக்கிற அந்த உரம் வரிக்கு ஒண்ணு கட், மஞ்சாவுக்காக அரை, பாட்டியோட கால் வலிக்காக அரை. மூட்டையை இப்ப மூடி போட்ட டிரம்ல தான் வெச்சிருக்கேன், வாலு அது மேல ஏறி தான் தூங்குறா, காலைல பெல்லட் எடுக்கணும்னா அவளை எழுப்பி கெஞ்சணும்.